சுவரில் சாணி, சட்டத்தில் பொன்

திருப்புலிவனத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு சுவர் இருந்தது. உத்திரமேரூர் டெண்ட் கொட்டாய்க்காரர்கள் படம் மாறும் ஒவ்வொரு முறையும் அதில்தான் போஸ்டர் ஒட்டுவார்கள். 1982இல் 'சகலகலா வல்லவன்' ஓடியபோது அந்தச் சுவரில் சில்க் ஸ்மிதாவும் இருந்தார். ஓரத்தில்தான். நடுவில் கமல். ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிற ஆண்களின் கண் போனது ஓரத்துக்குத்தான். என் பெரியம்மா காலையில் வாசல் தெளிக்கக் கரைத்த சாணியில் ஒரு கை அள்ளி, அந்த இடுப்பு தெரியும் இடத்தில் மட்டும் அப்பிவிட்டு வருவார். கமல் மேல் ஒரு துளி படாது. தெருவில் யாரும் அவரை ஒன்றும் கேட்டதில்லை. மானமுள்ள பொம்பளை என்று பெயர்தான் கிடைத்தது.

அதே வருடம் என் அக்கா ஒன்பதாம் வகுப்பு. மாநிறத்துக்கும் கொஞ்சம் தூக்கலான கறுப்பு, பெரிய கண். உத்திரமேரூருக்குப் போகும் பஸ்ஸில் பின்படியில் தொங்குகிற பையன்கள் அவளை 'சில்க்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் ஊரே கூப்பிட்டது. வீட்டில் விஷயம் தெரிந்ததும் பெரியம்மா முதலில் கேட்ட கேள்வி, "நீ இன்னா பண்ண?" அரைப்பரீட்சைக்குப் பிறகு அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. தறியில் உட்கார்ந்தாள். காஞ்சிபுரத்துப் பட்டு நெய்ய வந்த பெண்ணை 'சில்க்' என்று கூப்பிடுவதில் இருக்கிற நகைச்சுவையை அந்தப் பையன்கள் அதன்பிறகு இன்னும் நன்றாக ரசித்தார்கள்.

இந்தக் கட்டுரை ஓவியத்தைப் பற்றியது. ஆண் ஓவியர்கள் நடிகைகளை வரைந்ததைப் பற்றி எழுதச் சொல்லித்தான் கேட்டார்கள். ஆனால் வார்ஹோலின் மர்லினையும் ஹுசைனின் மாதுரியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எனக்கு முன்னால் வந்து நிற்பது அந்தச் சுவர். ஆகவே அங்கிருந்தே பார்க்கிறேன்.

முதலில் வார்ஹோல். மர்லின் மன்றோ 1962 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு இறந்தார். வயது 36. சில வாரங்களில் ஆன்டி வார்ஹோல் அவர் முகத்தை அச்சடிக்கத் தொடங்கிவிட்டார். மூலப்படம் 1953இல் வந்த 'நயாகரா' படத்துக்காக எடுத்த விளம்பரப் புகைப்படம். அதில் கழுத்துக்குக் கீழே இருந்ததை வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். செய்முறை நமக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்குத் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற மஞ்சப்பையில் பெண் மாப்பிள்ளை பெயர் அடிக்கிறார்களே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அதன் வழியே ரப்பர் கட்டையால் வழித்துத் தள்ளுகிற மை. ஒரு தடவை சட்டம் தயாரித்துவிட்டால் எத்தனை பை வேண்டுமானாலும் அடிக்கலாம். முன்பெல்லாம் அந்தத் துணி பட்டு. அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு 'சில்க் ஸ்கிரீன்' என்று பெயர். மர்லின் பட்டின் வழியாக வந்தார்; நம் ஊர் நடிகைக்குப் பட்டு பெயராகவே வந்தது.

லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கும் 'மர்லின் டிப்டிக்' இரண்டு பலகைகள் கொண்டது. மொத்தம் 50 முகங்கள். இடப்பக்கம் 25: மஞ்சள் முடி, இளஞ்சிவப்பு முகம், நீலப்பச்சை இமை. வலப்பக்கம் 25: கறுப்பு வெள்ளை. ஒரு வரிசையில் மை அப்பிக் கறுத்திருக்கிறது, போகப்போக மங்கி, கடைசியில் முகம் இருக்கிறதா என்றே தெரியாது. விமர்சகர்கள் பலர் வலப்பக்கத்தைச் சாவு என்று வாசிக்கிறார்கள். புகழ் பெண்ணைத் தின்றது, இதோ அவள் மறைகிறாள் என்று. அழகான வாசிப்புதான். ஆனால் அது ஓவியருக்கு ரொம்பச் சௌகரியமான வாசிப்பு என்றும் எனக்குத் தோன்றுகிறது. தின்றதில் அவருக்கும் பங்கு உண்டல்லவா? உடல்நிலை மோசமாகி மீண்ட எலிசபெத் டெய்லர், கணவன் சுடப்பட்ட ஜாக்குலின் கென்னடி என்று பெண்கள் செய்தித்தாளில் துக்கமாகத் தோன்றும் நேரம் பார்த்துத்தான் அவர் சட்டம் தயாரித்தார். துக்கம் இல்லாமல் அந்த முகங்களுக்கு இத்தனை கனம் வந்திருக்காது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வார்ஹோல் பொய் சொல்லவில்லை. நான் மர்லினின் ஆன்மாவைக் கண்டேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவர் வரைந்தது ஒரு பெண்ணை அல்ல, ஒரு விளம்பரத்தை. அதே 1962இல் சூப் டப்பாக்களை 32 தடவை வரைந்தவர். டப்பாவும் மர்லினும் ஒன்றுதான், இரண்டும் விற்கிறது என்று வெளிப்படையாக வைத்தார். அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடிக்கும். பிறகு சந்தை வந்து அதை நிரூபித்தது. 1964இல் செய்த மர்லின்களில் ஒன்று 2022 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் 19.5 கோடி டாலருக்குப் போனது, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். மர்லினோ தன் சம்பளத்துக்கும் நல்ல கதைக்கும் ஸ்டூடியோவோடு சண்டை போட்டுச் சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியவர். தன் முகத்துக்குத் தானே முதலாளியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அந்தப் பெண் 50 முகங்களில் ஒன்றில்கூட இல்லை.

எம். எஃப். ஹுசைன் விஷயம் வேறு. அவரைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். தேவிகளை நிர்வாணமாக வரைந்தார் என்று 1996 முதல் அவரைத் துரத்தினார்கள். வழக்கு மேல் வழக்கு. 2006இல் நாட்டைவிட்டுப் போனவர் 2011இல் லண்டனில் இறந்தார். துரத்தியவர்கள் பெண்ணின் மானத்துக்காகத் துரத்துவதாகத்தான் சொன்னார்கள். என் பெரியம்மாவின் கையில் இருந்த அதே சாணி. அந்தக் கூட்டத்துக்கு என் வரி ஒன்றுகூடப் பயன்படக் கூடாது. தேவியை அவர் எப்படி வேண்டுமானாலும் வரையட்டும், என் சண்டை தேவியைப் பற்றியதே அல்ல.

மாதுரியைப் பற்றியது. 1994இல் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' வந்தபோது ஹுசைனுக்கு எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை அறுபது தடவைக்கு மேல் பார்த்தேன் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். மாதுரி தீட்சித்தை வரிசையாக வரைந்தார். 'ஃபிதா' என்று பெயர், கிறுக்குப் பிடித்தவன் என்கிற மாதிரிப் பொருள். 2000இல் அவரை வைத்து 'கஜகாமினி' என்று ஒரு படமே எடுத்தார். யானை நடையாள். படத்தில் மாதுரி தலையில் மூட்டையோடு நடக்கிறார். சகுந்தலையாக, மோனலிசாவாக எல்லாம் வருகிறார். காலம் முழுவதுக்குமான பெண் என்பது கருத்து. வசூல் சுத்தமாக இல்லை.

ஹுசைன் 1930களில் பம்பாயில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சாரத்தில் ஏறி நடிகையின் கன்னத்தை ஆள் உயரத்துக்கு எழுதிய கை அது. அந்தக் கை அறுபது வருடம் கழித்து நடிகையிடமே திரும்பி வந்தது. இந்த வட்டம் எனக்கு நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துபோனார். தாயின் முகம் அவருக்கு நினைவில்லை. அதனால்தான் அவர் பெண்களுக்குப் பெரும்பாலும் முகம் எழுதுவதில்லை என்பார்கள். அவருடைய மதர் தெரசா வரிசையில் நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை இருக்கும், முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் இருட்டாக இருக்கும். அந்தப் படங்களின் முன் எனக்கு வாதம் எதுவும் இல்லை. இல்லாத தாயை இல்லாததாகவே வரைந்தவர் அவர்.

ஆனால் மாதுரி இறந்துபோன தாய் அல்லவே. உயிரோடு, வேலையில், ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று ஆடிக்கொண்டிருந்த தொழிலாளி. அவர் நடையை ஹுசைன் எடுத்துக்கொண்டார். அந்த நடை எங்கிருந்து வந்தது? சின்ன வயதிலிருந்து பயின்ற கதக், நடன இயக்குநரோடு செய்த ஒத்திகை, திரும்பத் திரும்ப எடுத்த டேக். ஹுசைனின் கோட்டில் அதெல்லாம் கழன்று, பிறவியிலேயே பெண்ணுக்கு வாய்த்த ஒயிலாகிவிடுகிறது. உழைப்பை இயற்கை என்று மாற்றி எழுதுவது பெண் விஷயத்தில் நம் வீட்டு அடுப்படியிலிருந்து நடக்கிற காரியம். 'அவளுக்குக் கைமணம்' என்பார்கள், யாரும் அவள் கற்றுக்கொண்டதைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று: மாதுரியோடு முடியவில்லை. 2004இல் 'மீனாக்ஸி' எடுத்தபோது தபு. 'விவாஹ்' பார்த்துவிட்டு அம்ரிதா ராவ். தொண்ணூறு தாண்டிய பிறகு அனுஷ்கா சர்மாவைப் புகழ்ந்தார். வார்ஹோல் ஒரே படைப்பில் ஒரு பெண்ணை ஐம்பது தடவை அடித்தார். ஹுசைன் பதினைந்து வருடத்தில் நான்கு பெண்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தார். உள்ளுயிர்ப்பு, தூண்டுதல், தேவதை என்று இதற்குக் கலை உலகம் வைத்திருக்கிற சொற்களைக் கேட்டால் அந்த இடம் ரொம்ப உயரத்தில் இருப்பதாகத் தெரியும். உயரமாக இருக்கலாம். ஆள் மாற்றக்கூடிய இடம்.

இப்போது சில்க்.

விஜயலட்சுமி என்ற ஆந்திரத்துப் பெண். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது, சின்ன வயதில் கல்யாணம், அதிலிருந்து தப்பிச் சென்னை, நடிகைகளுக்கு டச்சப் செய்யும் வேலை. 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக்கடைப் பெண்ணுக்கு சில்க் என்று பெயர், அது ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடமே பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'யில் தியாகராஜனின் மனைவியாக, புடவையில், ஆட்டம் இல்லாமல், நன்றாக நடித்தார். அந்த வழியில் யாரும் அவரைத் தொடர்ந்து கூப்பிடவில்லை. 'மூன்றாம் பிறை' வந்தது, 'சகலகலா வல்லவன்' வந்தது. தமிழில் அவர் வாயசைத்தார், குரல் பெரும்பாலும் வேறு பெண்களுடையது. சொந்தப் படம் எடுத்துக் கைநட்டப்பட்டார். 1996 செப்டம்பர் 23இல் சென்னை வீட்டில் பிணமாகக் கிடந்தார். வயது 35. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஊர் ஊராக வந்து பார்க்கிற உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு, வாரியத்துக்கு நிற்கிறவனுக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. அந்த வயதில்தான் ஒருவன் ஊர்க்காரியத்துக்கு லாயக்காகிறான் என்று கணக்கு. பெண்ணும் வரலாம் என்ற பேச்சே அதில் கிடையாது. இருந்தாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு.

சில்க்கை வரைந்தவர்கள் யார்? பேனர் ஓவியர்கள். வார்ஹோலின் நிறங்களைப் பார்த்து ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆச்சரியப்பட்டதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அண்ணா சாலையில் நின்ற பேனர்களில் முகத்துக்கு ரோஸ், நிழலுக்கு நீலம், தாடைக்கு ஒரு பச்சைத் தீற்றல் என்று எப்போதோ பார்த்தாகிவிட்டது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், தூரத்திலிருந்து தெரிய வேண்டும். அதற்கான கணக்கு அது. ஸ்டில் போட்டோ மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாகத் துணியில் போட்டு, கட்டம் கட்டமாக ஏற்றுவார்கள். முகத்தை வாத்தியார் எழுதுவார். எழுத்தும் பின்னணியும் சிஷ்யர்கள். கதாநாயகன் முகத்தில் வாத்தியாரின் கை கூடுதல் நேரம் தங்கும். சில்க் மாதிரி நடிகைகளுக்கு முகம் சின்னது, உடம்பு பெரிது. ஃப்ளெக்ஸ் வந்து இந்தத் தொழிலையே விழுங்கிவிட்டது. அந்த ஓவியர்கள் கடைப்பலகை எழுதவும் வேறு கூலிக்கும் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பெயரில்லாத தொழிலாளிகள் பெயர் பறிக்கப்பட்ட ஒரு தொழிலாளியை வரைந்தார்கள். முதலாளி சொன்ன அளவுக்கு இடுப்பை எழுதினார்கள்.

சினிமாவில் காமிரா, கதாநாயகன், பார்வையாளன் மூவரின் கண்ணும் ஆணின் கண்ணாக ஒன்றுசேர்வதை லாரா மல்வி 1975இல் எழுதினார். அதைப் படித்தபோது முதலில் எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான். அந்தக் கண்களில் அவருடையதும் ஒன்று. ஆண்கள் பார்த்த இடத்தையே அவரும் பார்த்தார், அதனால்தான் சாணி குறி தவறாமல் விழுந்தது. அவரைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. தன் வீட்டுப் பெண்ணுக்கு வருகிற ஆபத்து அந்த இடுப்பில் இருக்கிறது என்று நம்ப வைக்கப்பட்டவர். கையில் கிடைத்ததை எடுத்து அடித்தார். அடி விழுந்தது ஒரு தாளில், அப்புறம் அக்காவின் படிப்பில்.

2011 டிசம்பர் 2ஆம் தேதி, சில்க்கின் பிறந்தநாளன்று 'தி டர்ட்டி பிக்சர்' வெளியானது. வித்யா பாலனுக்குத் தேசிய விருது. அதன்பிறகு சில்க் நாகரிகமானார். இப்போது அவர் முகம் வார்ஹோல் பாணியில், நான்கு நிறத்தில், டீ-ஷர்ட்டிலும் காபிக்கடைச் சுவரிலும் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிற இளம்பெண்கள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பாதி மகிழ்ச்சி. இடுப்பிலிருந்து முகத்துக்கு வந்தாரே, அதற்காக. மீதிப்பாதி, இறந்த பிறகுதான் முகம் கிடைக்குமா என்பது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு மர்லின் இருக்கிறார், பெரிய பொன்னிறப் பரப்பின் நடுவே சின்ன முகமாக, கிறிஸ்தவக் கோயில் சுரூபம் மாதிரி. உயிரோடு இருக்கிற வரை சாணி, போன பிறகு பொன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் சம்பளம் கேட்டிருக்கிறாள், படம் எடுத்திருக்கிறாள், நல்ல பாத்திரம் கேட்டிருக்கிறாள்.

ஒரு நடிகை மட்டும் தன் முகத்தைத் தானே அச்சடிக்கும் இடத்துக்குப் போனார். ஜெயலலிதா. எம்.ஜி.ஆரின் பிம்பம் எப்படி அதிகாரமானது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆணுக்கு அந்த வழி நேர்வழி, படத்தில் ஏழையைக் காப்பாற்றியவன் கோட்டையிலும் காப்பாற்றுவான். ஜெயலலிதா அந்த வழியில் வரும்போது நடிகையை வெளியே விட்டுவிட்டுத்தான் வர முடிந்தது. தொண்ணூறுகளில் சென்னையில் வானளாவ நின்ற கட்டவுட்களில் இருந்தது தலைவி, பிறகு அம்மா. உணவகம், குடிநீர், உப்பு, எல்லாவற்றிலும் அந்த முகம். சூப் டப்பாவையும் நட்சத்திரத்தையும் ஒன்றாக்கிப் பார்க்க வார்ஹோல் உயிரோடு இருந்திருந்தால் தமிழ்நாட்டுக்கு ஒரு நடை வந்திருக்கலாம். ஆனால் அந்த முகங்களில் அறுபதுகளில் ஆடிய பெண் கிடையாது. அவளை எதிர்க்கட்சி மேடைகள்தான் ஞாபகம் வைத்திருந்தன, வசைக்காக.

அந்தப் பெண்ணை வேறொருவர் எடுத்து வைத்தார். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த 'தென்னிந்தியப் பூர்வீகப் பெண்கள்' வரிசையில் ரவிவர்மாவின் லட்சுமி இருக்கிறாள், வேளாங்கண்ணி மாதா இருக்கிறாள், எழுபதுகளின் ஒரு தமிழ்ப் பட ஸ்டில்லில் சாட்டையோடு நின்ற ஜெயலலிதாவும் இருக்கிறார். எல்லாரும் புஷ்பமாலாதான். அதே உடை, அதே நிலை, தன் உடம்பு. ஒரு பிம்பத்துக்குள் ஏறி நிற்பதற்கு எவ்வளவு ஊசி, பசை, வலி, பொறுமை வேண்டியிருக்கிறது என்பது அந்தப் படங்களில் தெரிகிறது. ஹுசைனின் கோட்டில் மறைந்துபோன உழைப்பு இங்கே திரும்பி வருகிறது. நான் பார்த்த வரை நடிகையின் படத்தை நடிகையின் வேலையாகப் பார்த்த கலை இது. சாட்டையைப் பிடித்திருக்கிற கை எனக்கு ரொம்பப் பிடிக்கும்; கொஞ்சம் வேடிக்கையாக, கொஞ்சம் நிஜமாக இருக்கும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மர்லின் டிப்டிக்கை போனில் அக்காவுக்குக் காட்டினேன். தறிக்குழியில் கால் தொங்கப்போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். நாற்பது வருடமாகக் கோர்வை போட்ட கண். கரையும் உடலும் சேரும் இடத்தில் ஓர் இழை தப்பினாலும் கண்டுபிடிக்கும்.

"ஒரே அட்டையா?" என்றாள். ஜக்கார்டு அட்டையைச் சொல்கிறாள்.

"ஆமா, ஒரே போட்டோ."

"சோத்தாங்கை பக்கம் இன்னாடி, மை வத்திப்போச்சா?"

செத்துப்போனதைக் காட்டுவதற்காக அப்படி விட்டிருப்பதாகச் சொல்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இமையில் நீலம் கோடு விட்டு வெளியே வழிந்திருப்பதைக் காட்டி, இந்த மாதிரி நெய்தால் நம்ம முதலாளி கூலியில் பிடிப்பான் என்றாள். இதன் விலை என்ன என்று கேட்டாள். வேறொன்று 1,500 கோடிக்குப் போனது என்றதும், "இந்தப் பொண்ணு வூட்டுக்கு ஏதாச்சும் போச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு சில்க்கின் நான்கு நிறப் படத்தையும் காட்டினேன். காட்டலாமா வேண்டாமா என்று எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. அக்கா அதைப் போட்டோ மாதிரிப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"இவ பேரு இன்னா, நெஜப் பேரு?"

விஜயலட்சுமி என்றேன்.

"தெரியவே தெரியாதே எனக்கு," என்றாள். நாடாவை எடுத்து ஊடையைத் தள்ளினாள்.